பதினேழாம் தேதிச் சரக்கு

பிரவின்,

இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. காரைச் சிக்னலில் நிறுத்தி, பச்சை விழுவதற்குள் ஒரு பக்கம் பார்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே; உன்னை எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக முறுக்கு சுற்றுகிற கை இது, நேர்க்கோடு போடத் தெரியாது, சுற்றித்தான் வருவேன். பயம் வந்தால் மற்றவர்களுக்கு வாய் அடைத்துப்போகும். எனக்கு நீளும். நீ பிறந்த அன்று பிரசவ அறைக்குள் போகும்போது அந்த நர்ஸிடம் நான் ஜோக் சொன்னேன் என்று உன் அப்பா இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறாரே, அது தைரியம் இல்லை, நடுக்கம். அதனால் இந்தக் கடிதத்தில் எந்த இடத்திலாவது நான் சிரிப்புக் காட்டினால், அங்கே எனக்குக் கை நடுங்குகிறது என்று எடுத்துக்கொள்.

திங்கட்கிழமை காலை நீ மலாக்காவில் அந்தக் கடைக்குழுவின் ஆபீசில் கையெழுத்துப் போடப் போகிறாய். பன்னிரண்டு கடையாக இருந்தவர்கள் இன்றைக்கு முப்பதைத் தாண்டிவிட்டார்கள். கையெழுத்தானால், ஒவ்வொரு கடைத் தட்டிலும் நம் முறுக்கும் மிக்சரும் ஓமப்பொடியும் எத்தனை மிச்சம் இருக்கிறது என்பது சிம்பாங் அம்பாட்டில் நம் அடுப்பங்கரைக் கம்ப்யூட்டர் திரையில் தெரியும். நாம் என்றைக்கு எந்த மாவில் பொரித்தோம் என்பது அவர்கள் திரையில் தெரியும். "நாம வேற கடை வேற இல்லம்மா, ரெண்டும் ஒரே சங்கிலி"ன்னு நீ எனக்குப் பாடம் எடுத்தாய். "சங்கிலின்னா யாரு கழுத்துலடா?" என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். பழைய உற்பத்தி நோட்டுகளையும் அவர்கள் கேட்டிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறேன் என்றாய். அதோடு எனக்குப் பயம் பிடித்தது. போன வாரம் சாப்பிடும்போது நீ சொன்னதில் அது முற்றிப்போனது. "ஒண்ணே ஒண்ணுதான்மா பயம். அந்த வசந்தி ஆண்ட்டி மாதிரி ஆள் கையில இதெல்லாம் போச்சுன்னா முடிஞ்சது லா. கடையில ஒரு கரண்டியைக் கழுவச் சொல்லத் தெரியாம ஒரு புள்ளையோட உயிருக்கே உலை வச்சாங்களே." அப்பா சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் உன்னிடம் ரசம் வேணுமா என்று கேட்டேன்.

அந்தக் கரண்டியில் ஒன்றுமில்லை, பிரவின். வசந்தி ஒரு தப்பும் செய்யவில்லை. செய்தது நான். ஆறு வருஷமாக அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் இது. உன் கையெழுத்துக்கு முன்னால் உனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகு நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்பதுதான் என் பயம். கடை போனால் போகட்டும், அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். உன் முகம் மாறிவிட்டால் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்று தெரியவில்லை.

எனக்குப் பதினான்கு வயதில் ரப்பர் எஸ்டேட் மளிகைக் கடையில் சீனி டின்னில் ஒட்டியிருந்த சீட்டையும் உப்பு டின்னில் ஒட்டியிருந்த சீட்டையும் மாற்றி ஒட்டினேன். மறுநாள் காலையில் லயத்து வீட்டு வரிசை முழுக்க உப்புக் கோப்பி. பால் வெட்டுக்குப் போகிறவர்கள் துப்பிய துப்பில் அந்த வாரம் புல்லுக்கு மருந்தே தேவைப்படவில்லை என்று நான் பெருமையடித்துக்கொண்டேன். முதுகில் வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. ஆனால் எனக்கு ஆச்சரியமாக இருந்தது அடி இல்லை. இருபது வருஷமாக அந்தக் கடையில் நின்றவர், டின்னுக்குள் இருக்கிறதைப் பார்க்கவே இல்லை. சீட்டைத்தான் பார்த்து அளந்து கொடுத்தார். வாங்கினவர்களும் அவர் முகத்தைப் பார்த்து வாங்கிப் போனார்கள். ஒரு துண்டுக் காகிதத்தை நம்பி நூறு வீடு கோப்பி கலக்குகிறது. அதைப் புரிந்துகொண்டபோது எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. வாழ்க்கையில் நான் படித்த பாடங்களில் தலைகீழாகப் படித்தது அதுதான்.

வசந்தியை நீ சரியாகப் பார்த்ததே இல்லை. நீ அப்போது பினாங்கில் படித்துக்கொண்டிருந்தாய். அந்தப் பன்னிரண்டு கடைக்கும் சரக்கு வாங்குகிற அதிகாரி அவள். அவள் வருவதற்கு முன்னால் நம் வியாபாரம் கண்ணைக் கட்டிக்கொண்டு பம்பரம் விடுகிற கதைதான். அலோர் காஜா கடையில் தட்டு காலியாகக் கிடக்கும், வேறொரு கடையில் நம் மிக்சர் சிக்கு வாடை பிடித்துத் திரும்பி வரும். கடை ஏன் திருப்புகிறது என்று எனக்குத் தெரியாது, நான் ஏன் லேட்டாக அனுப்புகிறேன் என்று கடைக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் போனில் கத்திக்கொள்வதுதான் பேச்சுவார்த்தை. இவள் ஒருநாள் பஸ் பிடித்து நேராக நம் அடுப்பங்கரைக்கே வந்தாள். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் வேர்த்து நின்றுகொண்டு, "அக்கா, நான் என் தட்டைக் காட்டுறேன், நீங்க உங்க சட்டியைக் காட்டுங்க. ஒளிச்சு விளையாடி ரெண்டு பேரும் தோத்துக்கிட்டு இருக்கோம்"னாள். நான், "கடைக்கண் பார்வைக்கு இவ்வளவு நாள் காத்திருந்தேன், கடையே கண்ணு திறந்து வந்திருக்கு" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு கடையிலும் மிச்சத்தை எண்ணி எனக்கு வாட்சாப்பில் அனுப்புவாள்; நான் அதைப் பார்த்துத்தான் மாவு பிசைவேன். பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பையிலும் பொரித்த தேதி இருக்க வேண்டும், அது உண்மையான தேதியாக இருக்க வேண்டும். "மத்ததெல்லாம் முன்ன பின்ன ஆகலாம்கா. தேதி மட்டும் ஆகக்கூடாது. ஏதாச்சும் ஒண்ணுன்னா எனக்கு அது ஒண்ணுதான் பிடிமானம்." அவளுடைய முதலாளிக்கு நம்மைப் போன்ற சின்ன ஆட்களைப் பிடிக்காது. எண்ணெய்ச் சட்டிக்காரர்கள் என்பார். இவள்தான் அவரோடு மல்லுக்கட்டி நம்மை உள்ளே வைத்திருந்தாள்.

இனிமேல்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எட்டாம் எண் சனியுடையது என்று எனக்கு எப்போது யார் சொன்னார்கள் என்று நினைவில்லை. எட்டு, பதினேழு, இருபத்தாறு, மூன்றிலும் இலக்கத்தைக் கூட்டினால் எட்டு. உன் அப்பா வேன் வாங்கும்போது நம்பர் கூட்டினால் எட்டு வந்தது என்று நான் அழுது மாற்ற வைத்ததும், பக்கத்துக் கடை சீனர் எட்டு ராசி என்று அதே நம்பரை ஆசையாக வாங்கி இன்று வரைக்கும் சௌக்கியமாக ஓட்டுவதும் உனக்குத் தெரிந்த வேடிக்கை. எட்டு எனக்கு எட்டாமலே இருக்கட்டும் என்று நான் சொல்வதும் தெரியும். தெரியாதது இது: அந்த மூன்று தேதிகளில் பொரித்த சரக்கில் அந்தத் தேதியை நான் குத்தியதே இல்லை. எட்டில் பொரித்தால் ஏழு என்று குத்துவேன். பதினேழில் பொரித்தால் பதினாறு. இருபத்தாறில் இருபத்தைந்து. சாப்பிடும் பொருளில் சனியின் எண் இருக்க வேண்டாம் என்று பட்டது. யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு நாள் முன்னதாகக் குத்தினால் நம் சரக்குத்தானே ஒரு நாள் முன்னதாகப் பழசாகும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வசந்தியின் கணக்கில் பதினாறு ஒன்றுதான் இருந்தது. நம் சட்டியில் இரண்டு பதினாறு இருந்தது. அது எனக்கு ஒரு சின்ன விளையாட்டு மாதிரி கூட இருந்தது, மறுபடியும் டின்னில் சீட்டு மாற்றிய மாதிரி.

ஒரு பதினேழாம் தேதி காலையில் மில்லிலிருந்து இரண்டு மூட்டை கடலை மாவு வந்தது. அன்றைக்கே இரண்டையும் ஓமப்பொடியாகப் பிழிந்து முடித்தோம். வழக்கம்போலப் பதினாறு என்று குத்தி, அதற்கு முந்தைய நாள் பொரித்த உண்மையான பதினாறோடு சேர்த்துப் பதினெட்டு காலையில் அப்பா வேனில் ஏற்றிப் போனார். பத்தொன்பது காலையில் மில்லிலிருந்து போன். நிலக்கடலை அரைத்த எந்திரத்தைக் கழுவாமல் அந்த இரண்டு மூட்டையையும் அரைத்துவிட்டார்கள். நம் ஓமப்பொடிப் பையில் நிலக்கடலை இல்லை என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? அதைப் பார்த்தே வாங்குகிற வீடுகள் இருந்தன.  உடனே வசந்திக்குத்தான் போன் போட்டேன், அதுவரைக்கும் நான் நல்லவள்.

"வசந்தி, பதினேழாம் தேதி ஓமப்பொடியை எல்லாக் கடையிலயும் எடுத்துடச் சொல்லும்மா, மாவுல நிலக்கடலை கலந்துருச்சு."

"ஐயோ. இருங்கக்கா, பார்க்கிறேன்." தாள் புரட்டுகிற சத்தம். "அக்கா, உங்ககிட்டருந்து பதினேழு போட்ட சரக்கே வரலையே? கடைசியா வந்தது பதினாறு. எல்லாப் பையும் பதினாறு."

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். அந்தப் பதினாறில் பாதி பதினேழு, எல்லாவற்றையும் எடுத்துவிடு. அவ்வளவுதான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஏன் என்று அவள் கேட்பாளே? அவள் கேட்ட ஒரே விஷயத்தில், முதல் மாதத்திலிருந்தே நான் விளையாடியிருக்கிறேன் என்று தெரியுமே? ஒரு நம்பருக்குப் பயந்து தேதி மாற்றுகிற பொம்பளையையா இத்தனை நாள் முதலாளியிடம் தூக்கிப் பிடித்தேன் என்று அவள் நினைப்பாளே? இதெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் எனக்குள் ஓடியது. நான் சொன்னேன்: "அப்படியா? அப்போ நம்ம கிட்டயேதான் இருக்கும். வெளிய போகலை. தப்பிச்சோம்டி."

"அப்பாடி. உயிரே போச்சுக்கா எனக்கு" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

உடனே அப்பாவை வேனை எடுக்கச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "வசந்திகிட்ட சொல்லிடு. இப்பவே சொல்லிடு" என்றார். "நாமளே எல்லாத்தையும் மாத்திட்டு வந்துடலாம், யாருக்கும் தெரிய வேணாம்" என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். புதிய பைகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போனோம். "பொரிச்சதுல கொஞ்சம் கருகிப்போச்சு தம்பி, மாத்தித் தர்றேன்" என்று சிரித்துக்கொண்டே பதினாறை வாங்கி, வேறு தேதிப் பையை வைத்தேன். ஒன்றுக்கு ஒன்று, எண்ணிக்கை மாறாமல், அதனால் யாரும் ஆபீசுக்குச் சொல்லவில்லை. பதினோரு கடையில் பைகள் இன்னும் விற்க ஆரம்பிக்கவில்லை, வேலை சுத்தமாக முடிந்தது. கடைசிக் கடை கோலா சுங்கை பாரு. அங்கே பெரிய பையைப் பிரித்து, கரண்டியால் அள்ளி, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, பையில் இருந்த தேதியையும் நிலக்கடலை இல்லை என்பதையும் சீட்டில் எழுதி ஒட்டி, கல்லாப்பெட்டி பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். சின்ன ஊர், பெரிய பை போகாது என்று வசந்திதான் அதற்கு அனுமதி கொடுத்திருந்தாள். பிரித்த பையை மாற்றினேன். தொங்கிய பொட்டலங்களை எல்லாம் நானே வாங்கினேன். கடைக்காரப் பையன் சிரித்தான். "உங்க சரக்கை நீங்களே வாங்குறீங்களா ஆண்ட்டி?" "ஆமாடா, வெளிய வாங்கினாத்தான் ருசி." எத்தனை வித்தது என்று போகிற போக்கில் கேட்டேன். ரெண்டு, காலையிலேயே போச்சு என்றான். யார் வாங்கினார்கள் என்று அவனுக்கு நினைவில்லை.

வேனில் ஏறி உட்கார்ந்தேன். அப்பா என்ஜினைப் போடவில்லை. "இப்பவாச்சும் போன் பண்ணு" என்றார். அந்த ஊரில் சரக்கு வாங்குகிறவர்கள் எல்லாரையும் சேர்த்து அந்தக் கடைக்கு ஒரு வாட்சாப் குழு இருந்தது; புதுச் சரக்கு வந்தால் வசந்தி அதில் போடுவாள். அவள் ஒரு வரி போட்டிருந்தால் அந்த இரண்டு பொட்டலமும் பத்து நிமிஷத்தில் குப்பைக்குப் போயிருக்கும். பிரவின், உன் சங்கிலி என்றால் என்ன என்று அன்றைக்கு அந்த வேனில் உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது. தப்பு என்ன என்று எனக்குத் தெரியும். அது யார் வீட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இரண்டும் ஒன்று சேர்ந்தால்தான் ஒரு பிள்ளையைக் காப்பாற்ற முடியும். நான் என்னுடைய பாதியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு, "ரெண்டே ரெண்டுதானே, யாருக்கும் ஒண்ணும் ஆகாது, வண்டியை எடுங்க" என்றேன்.

அந்தப் பொட்டலங்களில் ஒன்று, அதே கடை வரிசையில் நிலக்கடலை போடாமல் நாசி லெமாக் சோறு விற்கிற ஒரு மலாய்க்கார அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தது. மகளுக்கு ஆறு வயது. நிலக்கடலை ஆகாது. தொண்டை வீங்கி மூச்சு இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். பிழைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அதைக் கேட்கும் வரை பட்ட பாட்டை நீ பட வேண்டாம். கடை ஆபீசில் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசிய அன்று அந்த அம்மா எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை, சண்டை போடவில்லை. என்னைத்தான் பார்த்துச் சொன்னாள், "சாயா பாச்சா லேபல், காக். டுவா காலி." லேபலைப் படித்தேன் அக்கா, இரண்டு தடவை. அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை, தன்மேல் தப்பில்லை என்று என்னிடம் முறையிட்டாள். அவளுடைய அந்த இரண்டு தடவைதான் எனக்கு இன்னும் காதில் விழுகிறது.

பிறகு நோட்டைப் பார்த்தார்கள். பொட்டலத்தில் கடைக்காரர்கள் எழுதிய தேதி பதினாறு. நம் நோட்டில் பதினாறுக்குப் பழைய மூட்டை, சுத்தமான மாவு. பதினேழுக்கு நேராக, "வெளியே அனுப்பவில்லை, அழிக்கப்பட்டது" என்று முந்தின நாள்தான் நான் எழுதி வைத்திருந்தேன். "அக்கா, கெட்ட மாவு பதினேழுல மட்டும்தானே?" என்று வசந்தி எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டாள். "பதினேழுல மட்டும்தான்" என்றேன். ஒரு எழுத்துக் கூடப் பொய் இல்லை, பார்த்தாயா? என் பேச்சுத் திறமை அவ்வளவுக்கு எனக்கு உதவியது. அப்படியானால் சரக்கு நம்மிடமிருந்து சுத்தமாகப் போயிருக்கிறது, கடையில் பொட்டலம் கட்டிய கரண்டியில்தான் நிலக்கடலை ஒட்டியிருந்திருக்கிறது என்று முடிவானது. பொட்டலம் கட்ட அனுமதித்தவள் வசந்தி. அவளை அந்த வேலையிலிருந்து எடுத்து அலோர் காஜா கடையில் கல்லாவில் உட்கார வைத்தார்கள். நம்மிடம் மன்னிப்புக் கேட்க அந்த முதலாளி ஒரு கூடைப் பழத்தோடு வந்தார். எண்ணெய்ச் சட்டிக்காரர்களைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்றார். நான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அப்பா அன்றிலிருந்து ஓமப்பொடியைத் தொடுவதில்லை. உனக்கு அது பல் வலி என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

இவ்வளவு நடந்த பிறகு எனக்கு அந்த எண்ணைப் பற்றிய மூட நம்பிக்கை விட்டிருக்கும் என்று நீ நினைப்பாய். இல்லை. பார், பதினேழில் தொட்டதற்கே இப்படி என்று இன்னும் பயந்தேன். என் பொய்யின் மேல் போட வேண்டிய பழியைச் சனியின் மேல் போடுவது சௌகரியமாக இருந்தது. எட்டு, பதினேழு, இருபத்தாறு மூன்று நாளும் அடுப்பே பற்ற வைக்காமல், மெஷின் கழுவும் நாள் என்று பெயர் வைத்தேன். நீ அதைப் பார்த்து அசந்துபோய், மாதம் மூன்று நாள் முழுத் துப்புரவு செய்யும் ஆலை என்று உன் விண்ணப்பத்தில் தடித்த எழுத்தில் அடித்து அனுப்பியிருக்கிறாய். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் பத்தியில் நான் சொன்னேனே, அந்தச் சிரிப்பு.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இதை வேறு யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். அந்தத் திரையில் நீயும் கடையும் பார்த்துக்கொள்வதெல்லாம் நீங்கள் தட்டி விட்ட எண்கள். எண்களைத் தட்டுகிற கையில் ஒரு பயம் இருந்தால், திரை அந்தப் பயத்தைக் காட்டாது, எண்ணைத்தான் காட்டும். அதனால் உன்னிடம் வேலை செய்கிற யாராவது ஒரு முட்டாள்தனமான பயத்தோடு வந்தால் சிரிக்காதே. நான் வசந்தியிடம் முதல் நாளே, எனக்கு எட்டு என்றால் ஆகாது, அன்றைக்குப் பொரிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் கிண்டலடித்திருப்பாள், ஆனால் ஒத்துக்கொண்டிருப்பாள். கிண்டல் செய்யத் தெரிந்த எனக்குக் கிண்டலுக்கு ஆளாகத் தைரியமில்லை. இந்தத் தொழிலில் ஏதாவது தப்பாகப் போனால் முதல் போனை உனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிற ஆளுக்குப் போடு. வெட்கம் ஆறின பிறகு போடலாம் என்று காத்திருந்தால், அதற்குள் யாரோ ஒருத்தி லேபலை இரண்டாவது தடவை படித்து முடித்திருப்பாள்.

நேற்று மத்தியானம் நான் அலோர் காஜாவுக்குப் போனேன். உன்னிடம் பல் டாக்டர் என்று சொன்னேன், அதுவும் பொய், இதோடு நிறுத்திக்கொள்கிறேன். வசந்தி கல்லாவில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல, "வாங்கக்கா, என்ன வாங்க வந்தீங்க?" என்றாள். நான் ஒரு சோப்பை எடுத்து வைத்துவிட்டு, அவள் அதை ஸ்கேன் செய்வதற்குள் சொல்லிவிட்டேன். சுற்றாமல் சொன்னேன், அந்த ஒரு தடவை. கெட்ட மாவு உன் கடைக்கு வந்தது, பதினாறு என்று குத்தியிருந்தேன், நீ போனில் கேட்டபோது எனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. அவள் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"எந்த சரக்கு, ஓமப்பொடியா?" என்றாள். அவளுக்குத் தெரியும். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டாள்.

"ஆமாம்மா."

"ஆறு வருஷமா நான் அந்தக் கரண்டியைத்தான்கா நினைச்சுக்கிட்டு இருக்கேன். அந்தக் கடைக்குக் கடைசியா எப்போ போனேன், கரண்டியைப் பார்த்தேனா, கழுவச் சொன்னேனான்னு. சொன்னேன்னுதான் ஞாபகம் வரும். அப்புறம் எனக்கே சந்தேகமா போயிடும். என் புள்ளைங்களுக்கு சோறு போடுறப்போ கூட கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்." அவள் குரல் உயரவில்லை. "நீங்க எத்தனை தடவை இந்த கல்லாவுக்கு வந்திருப்பீங்க?"

 எண்ணிப் பார்க்கக்கூட முடியாது.

"மன்னிச்சிடுன்னு கேட்டீங்கன்னா இப்ப என்னால முடியாதுக்கா. கேக்காதீங்க."

"கேக்கலைம்மா. என்ன செய்யணும்னு சொல்லு."

பின்னால் யாரோ, "செப்பாட் லா", சீக்கிரம் என்று முணுமுணுத்தார்கள். வசந்தி சோப்பை ஸ்கேன் செய்தாள், பையில் போட்டாள், என் கையில் கொடுத்தாள். "எழுதிக் குடுங்க. எல்லாத்தையும். எந்த தேதி, எத்தனை பை, எந்தக் கடை, யார் யாரை எப்போ கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க. ஜோக்கு வேணாம். கையெழுத்துப் போட்டுக் குடுங்க. திங்கக்கிழமை உங்க பையன் வர்ற கூட்டத்துக்கு நானும் வர்றேன், லீவு போட்டுட்டு வர்றேன்." பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "நெக்ஸ்ட்" என்றாள்.

அவளுக்குத் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்று காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். நாசி லெமாக் விற்கும் அம்மாவுக்கும் ஒரு பிரதி. மலாயில் எழுதியதில் எத்தனை பிழையோ, அதை நானே நேரில் கொடுக்கப் போகிறேன், அங்கே போகத்தான் இப்போது கால் கூசுகிறது. அப்பா வேனைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவர் முகம் ஆறு வருஷத்துக்கு முன்பு இருந்த மாதிரி இருக்கிறது என்று உனக்குச் சொல்லலாம் என்று பார்த்தேன், பொய் ஆகிவிடும். அவரும் பயந்துபோய்த்தான் இருக்கிறார்.

திங்கட்கிழமை நானும் உன்னோடு வருகிறேன். அங்கே எந்தக் காகிதத்திலும் நீ பேனாவை வைப்பதற்கு முன்னால் வசந்தி எழுந்து நான் அவளுக்கு எழுதிக் கொடுத்ததை வாசிப்பாள். முதலாளி இருப்பார், கணக்கு பார்க்கிறவர்கள் இருப்பார்கள், நீ கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். வாசித்து முடித்த பிறகு அவர்கள் நம்மை வெளியே போகச் சொல்லலாம், போலீசைக் கூப்பிடலாம், வேறு என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அதெல்லாம் அவர்கள் உரிமை. உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவள் வாசிக்கும்போது நடுவில் உனக்கு எழுந்து நிற்கத் தோன்றும். எங்கம்மா அப்படி இல்லை என்று சொல்லத் தோன்றும், இல்லாவிட்டால் எனக்கு எதுவுமே தெரியாது என்று சொல்லத் தோன்றும். இரண்டையும் சொல்லாதே. அவள் ஆறு வருஷம் காத்திருந்துவிட்டாள். கடைசி வரி வரைக்கும் வாசிக்க விடு.

அம்மா